முதலீட்டுச் சபையும் நமது மண்ணும்

வெளிநாட்டு மூலதனத்தை இந்நாட்டுக்கு அழைத்து வருவதற்கென 1978ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட நிறுவனத்துக்குப் பாரிய கொழும்புப் பொருளாதார ஆணைக்குழு என்று பெயர். அதன் எல்லை பெயரிலேயே பொறிக்கப்பட்டிருந்தது. அவ்வாண்டிலேயே கட்டுநாயக்காவில் முதல் வலயம் எழுந்தது. பியகமவும் கொக்கலவும் பின்தொடர்ந்தன. 1992ல் அது இலங்கை முதலீட்டுச் சபையாயிற்று. பெயர் விரிந்த அளவுக்குப் பார்வையும் விரிந்ததா என்பதே நமது கேள்வி.

வெளிநாட்டு மூலதனத்துக்கு நாம் பகைவரல்லர். விளைந்த வெங்காயத்துக்கு விலை கிடையாது வாடும் கமக்காரனும், பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடல் கடக்க வழி பார்க்கும் இளைஞனும் தொழில் பெருகுவதை வேண்டாமென்று சொல்வார்களா? வடகீழ் மாகாணங்கள் தொழில் என்பதையே அறியாத நிலமுமல்ல. காங்கேசன்துறையில் சீமெந்தும், பரந்தனில் இரசாயனமும், வாழைச்சேனையில் காகிதமும் உற்பத்தியான காலம் ஒன்றிருந்தது. 1990ல் காங்கேசன்துறை ஆலையின் புகைபோக்கி ஓய்ந்தது. அதைச் சூழ வாழ்ந்த வலிகாமம் வடக்கு மக்களும் அதே ஆண்டில் ஊரிழந்தனர்.

முதலீட்டாளருக்கு எல்லா அனுமதிகளும் ஒரே வாசலில் வழங்கப்படும் என்பது சபையின் வாக்குறுதி. வருமான வரி, சுங்கம், நாணயச் செலாவணி ஆகியன பற்றிய சட்டங்களிலிருந்து விலக்களித்து உடன்படிக்கை செய்யவும் அதன் சட்டத்தின் 17ஆம் பிரிவு பல்லாண்டுகளாக வழிவகுத்தது. நன்று. ஆனால் பாட்டன் பெயரிலுள்ள உறுதியை ஏந்திக்கொண்டு தன் சொந்தக் காணிக்காகக் கச்சேரிக்கும் பிரதேச செயலகத்துக்கும் இராணுவ முகாமுக்குமாக அலைந்த வலிகாமத்தவனுக்கு எந்த ஒரே வாசல் திறக்கப்பட்டது? அவன் அந்நியனாகப் பிறவாதது அவன் குற்றம் போலும்!

உல்லாசப் பயணத்துறையின் கதையும் வேறல்ல. 1966ல் அதற்கெனச் சபை அமைந்தது; 2018ல் 23 இலட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் இத்தீவுக்கு வந்தனர். போர் முடிந்தபின் காங்கேசன்துறைக் கடற்கரையில் இராணுவமே விடுதி நடத்தத் தொடங்கியது. அயலிலிருந்த வீட்டுக்காரர் உள்ளே செல்ல அனுமதியின்றி நின்ற காலம் அது.

இனிச் சொல்லப்போவதே நம் கமக்காரர் கூர்ந்து நோக்கத்தக்கது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு ஆறில்லை. சுண்ணக்கல்லின் அடியில் தேங்கும் மழைநீரே குடிநீரும் தோட்டநீருமாகும். சுன்னாகத்தில் மின் உற்பத்தி நிலையமொன்றின் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கில், 2019ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் அக்கம்பெனியை 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்தப் பணித்தது. கெட்ட கிணற்றைக் காசு கொடுத்துத் துலாவால் இறைத்துவிட முடியுமா?

காங்கேசன்துறை, பரந்தன், மாங்குளம் ஆகிய இடங்களில் முதலீட்டு வலயங்கள் பற்றிப் பேசப்பட்டு வருகிறது. வடமாகாண சபையின் பதவிக்காலமோ 2018 ஒக்டோபரிலேயே முடிவுற்றது. ஆகவே சபையை நாம் நேரடியாகவே கேட்கிறோம். ஒவ்வொரு வலயத்திலும் எவ்வளவு அரச காணி, எவ்வளவு தனியார் உறுதிக்காணி என்று காட்டும் வரைபடத்தை அவ்வப் பிரதேச செயலகத்தில் தமிழில் மக்கள் பார்வைக்கு வைக்கட்டும். ஒவ்வோர் ஆலையும் நாளொன்றுக்கு நிலத்தடியிலிருந்து எத்தனை கலன் நீர் இறைக்கும், கழிவை எங்கே விடும் என்பதை உடன்படிக்கையில் கையொப்பமிடுமுன் வெளியிடட்டும். நமது பொறியியலாளரும் சட்டத்தரணிகளும் அவற்றை வாசித்துக் கமக்காரருக்கு விளக்க ஒரு மாத அவகாசமாவது தரப்பட வேண்டும்.