கடும்பச்சைக் கன்றைப் பார்த்து மயங்க வேண்டாம்

 

மாரி தொடங்கப் போகிறது. வீட்டு வளவுக்கு ஒட்டுமா, தேசி, மாதுளை, தென்னங்கன்று என்று எல்லோரும் தேடும் நேரம். பட்டிருப்புப் பாலத்தால் லொறியில் கன்றுகள் வந்து இறங்கும். பாடசாலைகளுக்கும் சங்கங்களுக்கும் நூற்றுக்கணக்கில் இலவசமாகவும் வரும். எல்லாம் நல்ல விசயம். மரம் நடுவதை நாங்கள் ஸதகத்துல் ஜாரியா என்போம், நீங்கள் புண்ணியம் என்பீர்கள். ஆனால் கொடுக்கிற கன்று தை மாதம் வரைக்குமாவது உயிரோடு நிற்க வேண்டுமே!

நாங்கள் கவனித்த வரையில், நட்டுப் பத்துப் பதினைந்து நாளில் வாடிப்போகிற கன்றுகளில் பல, வாங்கும்போது மிக அழகாக இருந்தவை. பெரிய இலை, கடும்பச்சை, மெதுவான தண்டு. எல்லோரும் அதைத்தான் முதலில் தூக்குகிறோம். அந்த அழகு எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. தண்ணீரில் கரைக்கும் பசளையைக் கூட ஊற்றி, நிழல்வலைக்குள் வைத்து வளர்த்தால் அப்படித்தான் வரும். நைதரசன் கூடினால் இலை ஓடும், வேர் பின்தங்கும். சின்ன வேரும் பெரிய இலையுமாக அந்தக் கன்றைக் கொண்டுபோய் எங்கள் வெயிலில் நட்டால், இலை கேட்கிற தண்ணீரை வேரால் கொடுக்க முடியாது.

இதைச் சொன்னால் உடனே "அப்போ சேர், இரசாயனமே வேண்டாம் என்கிறீர்களா?" என்று கேட்பார்கள். இல்லை. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடுத்து, நவம்பரில் அந்தத் தடையை எடுத்ததற்குள் படுவான்கரை வயல்கள் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். அந்தச் சண்டையை இங்கே திரும்ப இழுக்க விருப்பமில்லை. பைக்கன்றுக்கு கரைக்கும் பசளை பொருத்தமானதுதான். பைக்குள் இருப்பது ஒன்றிரண்டு கிலோ கலவை. அதில் பாதி தும்புச்சோறு, அதில் சத்து மிகக் குறைவு. தண்ணீர் ஊற்ற ஊற்ற இருப்பதும் அடித்துளையால் கழுவிப் போகும். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுக்க இதைவிட வசதி வேறில்லை. பிழை அளவில்தான்.

கணக்கு பெரிய கணக்கில்லை, ஆறாம் ஆண்டுப் பிள்ளையே செய்யும். 20-20-20 என்று பெட்டியில் போட்டிருந்தால் நூறு கிராமில் இருபது கிராம் நைதரசன். ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு கிராம் கரைத்தால் 200 மில்லிகிராம் நைதரசன். இளங்கன்றுக்கு அதில் பாதி, அதாவது 100 மில்லிகிராம், வாரம் ஒருமுறை போதும். பத்து லீற்றர் வாளிக்கு மட்டமாக ஒரு தேக்கரண்டி என்றால் ஏறக்குறைய அந்த அளவு வரும். நடப்பது என்ன? சாப்பாட்டுக் கரண்டியால் இரண்டு, மூன்று. "கூடப் போட்டால் கூட வளரும்" என்ற கதை. சில்லறையாகப் பொலித்தீன் பையில் கட்டி விற்கும் தூளில் என்ன இருக்கிறது என்றே எழுதியிருப்பதில்லை, பிறகு அளவு எங்கே பார்ப்பது? பெயரும் அளவும் தமிழில் ஒட்டாத பையை வாங்காமல் விடலாம், அது எங்கள் கையில் இருக்கிறது.

இதில் வாவிக்கரைக்காரர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பசளை என்பதும் உப்புத்தான். ஆவணி, புரட்டாதியில் வாவியை அண்டிய கிணறுகள் உவர்க்கத் தொடங்கும். உவர்த்த தண்ணீரில் பசளையையும் கரைத்தால் உப்பின் மேல் உப்பு. இலை நுனியும் ஓரமும் கருகும், பையின் மேல்மண்ணில் வெள்ளை படியும். சத்துக் குறைவு என்று நினைத்து அதற்கும் பசளை ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள்! அந்த நேரம் வேண்டியது வெறும் நல்ல தண்ணீர், பை நிறைந்து அடியால் ஓடுமட்டும், இரண்டு மூன்று தடவை. காய்ந்து கிடக்கும் பைக்கு ஒருநாளும் பசளைத் தண்ணீர் ஊற்றக்கூடாது. முதலில் பச்சைத் தண்ணீர், பிறகுதான் பசளை. பாசனத் தண்ணீரின் மின்கடத்துதிறன் மீற்றருக்கு 0.7 டெசிசீமனுக்குள் இருந்தால் பயமில்லை, 3-ஐத் தாண்டினால் பயன்படுத்துவதில் கடும் கட்டுப்பாடு வேண்டும் என்பது உலக உணவு விவசாய நிறுவனத்தின் வழிகாட்டல். நேர்சரி வைத்திருக்கும் பெண்கள் குழுக்கள் ஒரு போத்தல் கிணற்றுத் தண்ணீரோடு விவசாயப் போதனாசிரியரைச் சந்தித்து, எங்கே அளக்கலாம் என்று கேட்பது நல்லது.

மீன் கழிவில் வீட்டில் செய்யும் கரைசலுக்கும் இது பொருந்தும். சேதனம் என்பதற்காகக் கெட்டியாக ஊற்ற முடியாது.

பையின் அடியால் போவது காணாமல் போவதில்லை, நிலத்துக்குள் இறங்குகிறது. யாழ்ப்பாணத்திலும் கற்பிட்டியிலும் கிணற்று நீரில் நைத்திரேற்று ஏறியதற்குப் பசளை ஒரு முக்கிய காரணம். எங்களுக்கு வாவியும் பக்கத்தில்.

ஆகவே கன்று மொத்தமாக வாங்கும் அதிபர்மார், சங்கத் தலைவர்மார், பள்ளிவாசல், கோயில் நிர்வாகத்தினர் எல்லோரிடமும் எங்கள் கோரிக்கை இதுதான். ஓடர் கொடுக்கும்போதே சொல்லுங்கள்: கடைசி இரண்டு மூன்று கிழமை பசளையைக் குறைத்து, தண்ணீரையும் கொஞ்சம் குறைத்து, நிழலில் இருந்து மெல்ல மெல்ல வெயிலுக்குப் பழக்கிய கன்றுதான் வேண்டும் என்று. பார்க்க அவ்வளவு அழகாக இருக்காது, இலை சிறிதாக, தண்டு கொஞ்சம் முற்றி இருக்கும். வாங்கும்போது ஒரு கன்றையாவது பையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். வெள்ளை வேர் கலவையைச் சுற்றிப் பிடித்திருக்கிறதா, அல்லது கையில் மண் உதிர்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.