பாஸ்வேர்டை மாத்தினா போதுமா? போதாது சாமி!

சொந்தக் கதை சோகக் கதையிலேயே ஆரம்பிக்கிறேன். போன செமஸ்டர் பரீட்சைக்கு ரெண்டு வாரம் இருக்கும்போது, நான் போட்டோ போடும் அக்கவுண்டை எவனோ பிடிச்சுட்டான். என் பேரில் எல்லாருக்கும் மெசேஜ்: "மச்சி அவசரம், 2,000 அனுப்பு, நாளைக்குத் தரேன்." வகுப்பில் ஒருத்தன் பரீட்சைக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணத்தை அப்படியே அனுப்பிவிட்டான்.

உடனே இலவச ஆலோசனை மழை. "டேய், பாஸ்வேர்டை மாத்துடா, சரியாயிடும்." மாத்தினேன். மெயிலுக்கும் சேர்த்தே மாத்தினேன். நாலே நாளில் மறுபடியும் போச்சு!

காரணம் தெரிந்தபோது தலையில் அடித்துக்கொண்டேன். ரெண்டுக்கும் ஒரே பாஸ்வேர்ட் வைத்திருந்த புத்திசாலி நான். திருடன் முதல் நாளே மெயிலுக்குள் நுழைந்து ஒரு ஃபில்டர் போட்டிருக்கிறான். அந்த அக்கவுண்டிலிருந்து வரும் மெயிலெல்லாம் அவனுக்கு ஒரு காப்பி, என்னுடையது குப்பைத்தொட்டிக்கு. பாஸ்வேர்டை நூறு முறை மாத்தினாலும் ஃபில்டர் அழியாது. அவன் "பாஸ்வேர்ட் மறந்துவிட்டது" என்று அமுக்க வேண்டியதுதான், புது லிங்க் நேரா அவனுக்கே போய்விடும்.

காமர்ஸ் படிக்கிற நமக்காவது இது புரிய வேண்டாமா? கேஷியர் கையாடல் செய்தால் கல்லாப்பெட்டிப் பூட்டை மட்டும் மாத்திட்டு டீ குடிக்கப் போவோமா? பேங்குக்கு எழுதி அவர் கையெழுத்தை ரத்து செய்வோம், செக் புக்கைப் பிடுங்குவோம், கணக்கைப் புரட்டுவோம். நம்ம அக்கவுண்ட் என்றால் மட்டும் பூட்டோடு நிறுத்திக்கொள்கிறோம்.

2012-ல் அமெரிக்கப் பத்திரிகையாளர் மேட் ஹோனனுக்கு நடந்தது தெரியுமா? அவர் பாஸ்வேர்டை யாரும் கண்டுபிடிக்கவே இல்லை. அமேசானில் பேச்சுக் கொடுத்து கார்டின் கடைசி நாலு எண்ணைத் தெரிந்துகொண்டார்கள். அதை ஆப்பிளில் சொல்லி ஒரு மெயிலைப் பிடித்தார்கள். அந்த மெயில் வழியாக ஜிமெயில், அதிலிருந்து ட்விட்டர். போன், லேப்டாப் எல்லாம் துடைத்து அழிக்கப்பட்டன. ஒரு அக்கவுண்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் கதவுகள்தான் பிரச்சினை.

இன்னொரு சடங்கு, மூணு மாசத்துக்கு ஒருமுறை பாஸ்வேர்ட் மாத்துவது. காரணமில்லாமல் அப்படி மாத்தச் சொல்லாதீர்கள், திருட்டுப் போன அறிகுறி தெரிந்தால் மாத்தச் சொல்லுங்கள் என்று அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017-லேயே சொல்லிவிட்டது. நம்ம ஆட்கள் இன்னும் கடைசி எண்ணை மட்டும் ஒன்று கூட்டிக்கொண்டு இருக்கிறார்கள்.

சரி, என்னதான் செய்யணும்?

1. முதலில் மெயில். மற்ற எல்லாச் சாவியும் அங்கேதான் வருகிறது. பாஸ்வேர்டை மாத்துங்க, ஆனால் அது வெறும் ஆரம்பம்.
2. ஃபில்டர், ஃபார்வர்டிங், மீட்பு எண், மீட்பு மெயில் நாலையும் பாருங்க. தெரியாதது எது இருந்தாலும் தூக்குங்க.
3. எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறுங்க. அனுமதி கொடுத்து மறந்துபோன ஆப்களை நீக்குங்க. வாட்ஸ்அப்பில் இணைத்த சாதனங்களையும் பாருங்க.
4. அப்புறம் மற்ற அக்கவுண்டுகள். ஒவ்வொன்றுக்கும் தனி பாஸ்வேர்ட், கூடவே இரண்டடுக்குப் பாதுகாப்பு. மீட்புக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதி வையுங்க.
5. பணம் போயிருந்தால் உடனே 1930-க்குப் போன். திருடன் பணத்தை எடுப்பதற்குள் முடக்கப் பார்ப்பார்கள், அதனால் ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம்.

கடைசியாக ஒரு கோபம். அக்கவுண்ட் போனவனைப் பார்த்துச் சிரிக்கிறீர்களே, அதுதான் திருடனுக்குச் செய்யும் பெரிய உதவி. சிரிப்பார்களே என்று பயந்து நான் அரை நாள் யாரிடமும் சொல்லவில்லை. என் நண்பன் பணம் அனுப்பியது அந்த அரை நாளில்தான். 1930-ஐ நாங்கள் கூப்பிட்டது மறுநாள். போனது போனதுதான். அவன் கட்டணத்தை நான் ரெண்டு தவணையில் அடைத்தேன். அவன் ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஆகவே மக்களே, அடுத்த முறை யாராவது "பாஸ்வேர்டை மாத்து" என்று மட்டும் சொன்னால், "ஃபில்டரைப் பார்த்தியா?" என்று திருப்பிக் கேளுங்கள். அப்படியே உங்கள் மெயிலையும் இப்போதே ஒருமுறை திறந்து பாருங்கள்.