சுட்டவர் சொல்வதுதான் செய்தியா?

சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம் மத்திய சிறை இருக்கிறது. ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் அந்த உயரமான மதிலைப் பார்த்திருப்பார்கள்.

1950-ம் ஆண்டு பிப்ரவரி 11-ந் தேதி அந்த மதிலுக்கு உள்ளே துப்பாக்கி வெடித்தது. 22 கைதிகள் செத்து விழுந்தார்கள். அவர்கள் கம்யூனிஸ்டுகள். அப்போது சென்னை மாகாணத்தில் அந்தக் கட்சிக்குத் தடை. இறந்தவர்களில் பெரும்பாலோர் மலபாரைச் சேர்ந்தவர்கள். அன்று மலபாரும் சென்னை மாகாணத்தில்தான் இருந்தது.

நாடு குடியரசாகி 16 நாட்கள்தான் ஆகியிருந்தன!

யார் சொன்னது?

"கைதிகள் காவலர்களைத் தாக்கினார்கள். அதனால் சுட நேர்ந்தது." இது அரசு தரப்பு. "நிராயுதபாணிகளைச் சுட்டார்கள்." இது கைதிகள் தரப்பு.

எது உண்மை என்று ஊருக்கு எப்படித் தெரியும்? மதிலுக்குள் நிருபர் இல்லை. சுட்டவர்களும் சிறைக்காரர்கள். செய்தி சொன்னவர்களும் சிறைக்காரர்கள். பார்த்த மற்றவர்களோ பிணமாகிவிட்டார்கள், அல்லது பூட்டிய அறைக்குள் இருந்தார்கள்.

காவலைப் பற்றிய செய்திக்கு உள்ள பெரிய நோய் இதுதான். குற்றம் சாட்டப்படுகிறவரே செய்தியும் கொடுக்கிறார்.

பத்திரிகைக்குத் தடை

அந்த நாளில் பம்பாயில் "கிராஸ் ரோட்ஸ்" என்ற வார ஏடு வந்துகொண்டிருந்தது. அதை நடத்தியவர் ரொமேஷ் தாப்பர். கம்யூனிஸ்டுகள் மீது நடந்த அடக்குமுறையைக் கடுமையாகக் கண்டித்த ஏடு அது. சேலம் சம்பவம் நடந்து 18 நாட்களில், மார்ச் 1-ந் தேதி, அந்த ஏடு இங்கே வரக்கூடாது என்று சென்னை அரசு உத்தரவு போட்டது. "பொது அமைதி கெடும்" என்று காரணம் சொன்னது.

தாப்பர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். மே 26-ந் தேதி தீர்ப்பு வந்தது. தடை செல்லாது! தீர்ப்பை எழுதியவர் பதஞ்சலி சாஸ்திரி. சென்னையில் வக்கீலாக இருந்தவர். நாட்டின் பாதுகாப்புக்கே ஆபத்து என்றால் தடுக்கலாம், பொது அமைதி என்று பொதுவாகச் சொல்லிப் பேனாவைப் பிடுங்கக்கூடாது என்பது அதன் சாரம்.

அதே நாளில் டில்லியின் "ஆர்கனைசர்" ஏடும் தன் வழக்கில் வென்றது. அது எதிர் முகாம் பத்திரிகை. ஆக, இடதுக்கும் வலதுக்கும் ஒரே நியாயம் கிடைத்தது.

ஆனால் மறு ஆண்டே, 1951 ஜூனில், அரசியல் சட்டத்தைத் திருத்தினார்கள். "பொது ஒழுங்கு" என்ற காரணத்தையும் உள்ளே சேர்த்தார்கள். கட்டுப்பாடு "நியாயமானதாக" இருக்க வேண்டும் என்றும் சேர்த்தார்கள். இன்றும் அதுதான் சட்டம்.

இன்று என்ன நிலை?

இன்று பத்திரிகையை அடக்கத் தடை உத்தரவே தேவையில்லை. நிருபரின் அன்றாடப் பிழைப்பே போதும். திருட்டு, விபத்து, கைது என்று நாள்தோறும் செய்தி போலீஸ் நிலையத்திலிருந்து வர வேண்டும். இன்றைக்கு எதிர்த்து எழுதினால் நாளைக்கு அங்கே வாய் திறக்க மாட்டார்கள். ஆகவே, "போலீசார் கூறினர்" என்று எழுதிவிட்டு நிருபர் நகர்ந்துவிடுகிறார்.

2021 ஜூனில் சேலம் மாவட்டம் பாப்பநாயக்கன்பட்டி சோதனைச் சாவடியில் ஒரு சிறு வியாபாரியைப் போலீஸ்காரர் லத்தியால் அடித்தார். அடிபட்டவர் இறந்துபோனார். யாரோ கைப்பேசியில் எடுத்த படம் நாடு முழுதும் பரவியது. அடித்த சிறப்பு உதவி ஆய்வாளர் கைதானார். படம் இல்லாமல் இருந்திருந்தால்? அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

செய்திக்காரர்கள் மட்டும் சுத்தமா? 2015-ல் நாமக்கல் மாவட்டத்தில் மாணவர் கோகுல்ராஜ் கொலையானார். உடல் பள்ளிபாளையம் அருகே ரயில் பாதையில் கிடந்தது. முதலில் தற்கொலை என்று பேச்சு அடிபட்டது. தேடப்பட்ட முக்கியக் குற்றவாளியோ தலைமறைவாக இருந்தபடியே டெலிவிஷனுக்குப் பேட்டி கொடுத்தார்! போலீஸ் கையில் சிக்காதவர் காமிரா முன் உட்கார்ந்தார். பேட்டி பரபரப்பாக ஓடியது. மகனை இழந்த தாய் அதைப் பார்த்தால் என்ன பாடுபடுவாள் என்று யார் நினைத்தார்கள்? கடைசியில் திருச்செங்கோடு கோயில் காமிராப் பதிவும் மற்ற சாட்சியமும் பேசின. 2022-ல் மதுரைக் கோர்ட்டு பத்துப் பேரைத் தண்டித்தது. 2023-ல் ஐகோர்ட்டும் அவர்கள் குற்றவாளிகளே என்று உறுதி செய்தது. இருவருக்கு மட்டும் தண்டனை குறைந்தது.

வழி என்ன?

போலீஸ்காரரும் நம் வீட்டுப் பிள்ளைதான். இரவு பகல் பாராமல் நிற்கிறார். மேலே இருப்பவர் சொல்வதைக் கேட்காவிட்டால் மாற்றல் வருகிறது. இதை உணர்ந்துதான் 2006-ல் சுப்ரீம் கோர்ட்டு சில கட்டளைகள் போட்டது. முக்கிய அதிகாரிகளை இரண்டு ஆண்டாவது மாற்றாதே. புலன் விசாரணையைத் தனியாகப் பிரி. போலீஸ் மீது வரும் புகாரைக் கேட்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஆணையம் வை என்றது. தமிழ்நாடு 2013-ல் சட்டம் போட்டது. ஆனால் மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளரையே தலைவராக்கியது! வேலி பயிரை மேய்ந்தால் வேலியிடமே புகார் சொல்வதா?

படிக்கிறவர்களும் செய்யக்கூடியது உண்டு. போலீசில் புகார் கொடுத்தால், முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கேளுங்கள். இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். காவலில் ஒருவர் இறந்தால் மாஜிஸ்திரேட் விசாரிக்க வேண்டும் என்பதும் சட்டம்.

நாளைக் காலை பேப்பரைப் பிரிக்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். இதைச் சொன்னவர் யார்? மறுபக்கத்தாரிடம் கேட்டார்களா? வீட்டில் எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கும் இந்தக் கேள்விகளைச் சொல்லிக் கொடுங்கள்.

வாசகர் கேட்கத் தொடங்கினால் நிருபரும் கேட்பார். நிருபர் கேட்டால், மதிலுக்கு உள்ளே லத்தியை ஓங்குகிற கை கொஞ்சம் தயங்கும்.