பிறர் இட்ட பெயரும் தாம் சூடிய பெயரும்

ஒரு மக்கட் கூட்டத்துக்குப் பெயரிடும் உரிமை யாருக்கு உரியது? ஆள்வோருக்கா, அயலாருக்கா, அம்மக்களுக்கா? வன்னியிலே இவ்வினாவை நாம் எழுப்புவதற்குக் காரணம் உண்டு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களின் வயல்களிலே உழைத்து வாழ்வோரில் பலர் மலையகத்திலிருந்து வந்தோரும் அவர்தம் வழித்தோன்றல்களும் ஆவர்.

கடல் கடந்த நாடொன்றைப் பார்ப்போம். 1848ஆம் ஆண்டு உடன்படிக்கையால் மெக்சிக்கோ தன் நிலத்தின் பெரும்பகுதியை அமெரிக்காவிடம் இழந்தது. அங்கிருந்த மெக்சிக்கர் சொந்த மண்ணிலேயே சிறுபான்மையினர் ஆயினர். பின்னர் கூலிகளாக வந்தோரும் அவர்களுடன் சேர்ந்தனர். 'சிக்கானோ' என்பது அவர்களைத் தாழ்த்தி வழங்கிய சொல். 1960களில் அவர்தம் இளைஞர் அதே சொல்லைப் பெருமைப் பெயராக ஏற்றனர். 1965இல் கலிபோர்னியாவின் திராட்சைத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டபோது, லூயிஸ் வால்டெஸ் தொழிலாளரையே நடிகராக்கி நாடக அரங்கு அமைத்தார். உழவர் போராட்டமும் இலக்கியமும் ஒருங்கே வளர்ந்தன.

நம் நாட்டிலும் இதற்கு நிகரான வரலாறு உண்டு. 1820களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் கொண்டுவரப்பட்ட மக்களைக் 'கூலி' என்றனர், 'கள்ளத்தோணி' என்றனர், 'தோட்டக்காட்டான்' என்றனர். அவர்களிடையே கோ. நடேசய்யர் 1921இல் 'தேசநேசன்' இதழை நடத்தினார். அவர்தம் துணைவியார் மீனாட்சியம்மை பாட்டாலே விழிப்பூட்டினார். 1947இல் பாராளுமன்றம் புகுந்த சி. வி. வேலுப்பிள்ளை தோட்ட மக்களின் வாழ்வைக் கவிதையாக்கினார்; அவர்தம் நாட்டார் பாடல்களையும் தொகுத்தார். 1948இல் குடியுரிமை பறிபோயிற்று. 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. அம்மக்களின் சம்மதத்தை யார் கேட்டார்? அக்காலத்தேதான் 'மலையகம்' என்ற சொல் எழுத்தாளர் பேனாவிலே ஓர் இனத்தின் முகவரியாக உருப்பெற்றது. தெளிவத்தை ஜோசப் முதலியோர் அதனை வளர்த்தனர்.

வன்னிக்கும் இவ்வரலாற்றிலே பங்குண்டு. குடியுரிமைப் பிரச்சினையில் 1948இல் அமைச்சர் பதவியைத் துறந்த சி. சுந்தரலிங்கம் வவுனியாத் தொகுதியின் உறுப்பினர். 1977 வன்செயலிலே வீடிழந்து வந்தோரை இம்மண்ணிற் குடியமர்த்த உழைத்தது காந்தீயம் இயக்கம். அதனை நிறுவியவருள் ஒருவராகிய மருத்துவர் இராஜசுந்தரம் 1983இல் வெலிக்கடைச் சிறையிலே கொல்லப்பட்டார். வந்தோர் காடு வெட்டினர், கழனி திருத்தினர், 2009இல் முடிந்த போரின் துயரையும் எல்லோருடனும் சேர்ந்தே சுமந்தனர்.

"தமிழர் யாவரும் ஒன்றே, தனிப்பெயர் எதற்கு?" என்பார் உளர். ஒன்றே என்பது மெய்யானால், காணி உறுதியிலும், கோயில் நிருவாகத்திலும், திருமணப் பந்தலிலும் அவ்வொருமை தென்படவேண்டாமா? மேடையில் ஒருமையும் படலையில் வேற்றுமையும் பேசுவது ஒற்றுமை ஆகாது. தன் வரலாற்றைத் தானே சொல்லும் உரிமை பெற்ற மக்களே பிறரோடு சமமாக இணைவர்.

2003ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்ற நிலையை நீக்க வழிசெய்தது. ஆனால் காணியற்ற நிலையை ஏட்டுச் சட்டம் மட்டும் நீக்காது. ஆண்டுக்கணக்காய் உழுதும் உறுதி பெறாதோருக்கு அதனைப் பெற்றுக்கொடுப்பது சட்டத்தரணிகளதும் அரச அலுவலர்களதும் கடமை. குடியேறிய முதியோரின் கதைகளை அவர்கள் உயிரோடிருக்கும்போதே எழுதிவைப்பது ஆசிரியர்களின் கடமை. வரம்பிலே உடன் நிற்பவனைச் சபையிலும் சமனாக அமர்த்துவது உழவர் கடமை.

வன்னியின் வரலாறு பண்டாரவன்னியனோடு முடிந்துவிடவில்லை. மலையிலிருந்து இறங்கி வந்து இம்மண்ணைப் பொன்னாக்கியோரின் ஏடும் அதிலே சேர்தல் வேண்டும். அதனை எழுதும் உரிமை அவர்களுடையது. இடமளிக்கும் பொறுப்பு நம்முடையது.