இளம் தலைவிக்கு முதற்பாடம்



எங்கள் மாதர் சங்கங்களில் இருபது வயதுப் பிள்ளைகளும் தலைவிகளாக வருகிறார்கள். "சின்னப்பிள்ளை, இவளுக்கு என்ன தெரியும்?" என்ற கதை என் காதிலும் விழுகிறது. இளைஞரான திமொத்தேயுவுக்கும் இதே நிலைதான் இருந்தது. அவரை முன்மாதிரியாக இருக்கச் சொன்ன புனித பவுல், முதலில் குறிப்பிட்டது பேச்சைத்தான்.

அந்தப் பேச்சை எங்கள் மன்னாரிலேயே கண்டோம். 1992 முதல் 2016 வரை ஆயராக இருந்த இராயப்பு யோசேப்பு ஆண்டகை, 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவிடம் 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். கச்சேரிக் கணக்குப்படி வன்னியில் இருந்தோர் தொகையில், போர் முடியும்வரை வெளியே வந்தோரைக் கழித்தால் மிஞ்சிய தொகை அது. பயம் சூழ்ந்த அந்தக் காலத்தில் அவர் கணக்கோடு உண்மை பேசினார். 2021 ஏப்ரல் 1இல் அவர் மறைந்தார். தேடும் தாய்மார் இன்னும் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள்.

தங்கைமாரே, உதவிப் பட்டியலில் சொந்தக்காரரை முன்னுக்குப் போடாதீர்கள். காணாமற்போனவரின் பெயரையும் திகதியையும் பிழையின்றி எழுதிக்கொடுங்கள். ஒருத்தி அழுது சொன்னதை இன்னொரு வீட்டில் கதைக்காதீர்கள். கிறிஸ்தவப் பிள்ளை என்பதை ஊர் இதில்தான் பார்க்கும். பிறகு உங்கள் வயதை யாரும் கேட்கமாட்டார்கள்.