துருவின் மேல் பூச்சு



நம்மில் பலருடைய வீட்டுப் பின்கட்டில் பழைய சைக்கிள் ஒன்று சாய்ந்து கிடக்கும். அதை ஓட்டுவார் இல்லை. விற்கவும் மனம் வருவதில்லை. பழைய இரும்பு வாங்குபவர் தெருவில் கூவிச் செல்லும்போதெல்லாம் வீட்டார் ஒருமுறை அதைப் பார்ப்பர். பின்பு தத்தம் வேலையைக் கவனிக்கப் போய்விடுவர். எமது வீட்டிலும் அத்தகைய சைக்கிள் ஒன்று இருந்தது. அதைச் செப்பனிட்ட கதையை இம்மாதம் கூற விழைகிறோம்.

எம் தந்தையார் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உபதேசியாராகப் பணிபுரிந்தவர். பங்குக்கு உட்பட்ட நான்கு கிளைக் கிராமங்களுக்கும் அவர் சென்று வந்தது இந்தச் சைக்கிளிலேதான். சென்னையை அடுத்த அம்பத்தூரில், 1949-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நிறுவனத்தின் தொழிற்சாலையில் உருவான ஹெர்குலிஸ் வண்டி அது. எஃகுக் குழாய்களை உறைகளில் செருகிப் பித்தளையை உருக்கி ஒட்டிய சட்டம். 28 அங்குலச் சக்கரங்கள். கம்பியால் இயங்கும் பிரேக்கு. கறுப்பு வண்ணமும், அதன்மேல் மெல்லிய தங்கக் கோடும். முன்பாரில் பொருத்திய சிறு இருக்கையில் நாமும், பின்னால் கேரியரில் எம் அண்ணனும் அமர்ந்து எத்தனையோ திருவிழாக்களுக்குச் சென்றிருக்கிறோம்.

தந்தையார் 1996-இல் இறைவனடி சேர்ந்தார். 2010-இல் பாகப்பிரிவினை நடந்தது. கிணற்றுத் தண்ணீரில் யாருக்கு எத்தனை நாள் என்னும் பேச்சு முற்றி, சொல்லத் தகாத சொற்கள் இருபுறமும் சொல்லப்பட்டன. அண்ணன் வீடு எம் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான். எனினும் அன்று முதல் எங்களிடையே பேச்சு நின்றது. கோயிலில் அவர் சூசையப்பர் பீடத்துப் பக்கம் அமர்வார். நாம் மாதா பீடத்துப் பக்கம். திருப்பலியில் சமாதானம் பகிரும் வேளையில் இருவரும் முன்பின் அறியாதவர்களை நோக்கிக் கைகூப்பினோம். பன்னிரண்டு ஆண்டுகள் அவ்வாறே கழிந்தன.

2019-இல் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு வீட்டை வெள்ளையடித்தபோது சைக்கிளையும் அழகுபடுத்த எண்ணினோம். ஒரே பிற்பகலில், துணியால் தூசியைத் துடைத்துவிட்டு, துருவின் மேலேயே கறுப்பு எனாமலைப் பூசினோம். பார்த்தவர் அனைவரும் புதிது போலிருப்பதாகப் புகழ்ந்தனர். அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் பூச்சு கொப்புளம் கொப்புளமாகப் புடைத்தது. நகத்தால் சுரண்டினால் வண்ணம் ஏடாக உரிந்து, அதன் பின்புறத்தில் செந்தூள் ஒட்டிக்கொண்டு வந்தது. துரு தன் வேலையை நிறுத்தவேயில்லை. நம் கண்ணுக்கு மறைந்து செய்தது, அவ்வளவே.

2022-ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் அவ்வேலையை முறையாகச் செய்யத் துணிந்தோம். முதலில் முழுவதும் கழற்ற வேண்டும். அங்கேயே முதற்பாடம் கிடைத்தது. இடது மிதிக்கட்டையை அரைமணி நேரம் முறுக்கியும் அசையவில்லை. பின்னர்தான் அறிந்தோம்: சைக்கிளில் இடது மிதிக்கட்டையின் மரை எதிர்த்திசையில் வெட்டப்பட்டிருக்கும். கழற்றுவதாக எண்ணி அதை மேலும் இறுக்கிக்கொண்டிருந்தோம்! செயின் பக்கத்து அச்சுக் கிண்ணத்துக்கும் அவ்வாறே எதிர் மரை. கிராங்கைப் பிடித்திருக்கும் காட்டர் பின்னை அடிக்கும்போது கீழே கனமான கட்டையை முட்டுக்கொடுக்க வேண்டும். இல்லையேல் அடியெல்லாம் அச்சுக் குண்டுகளில் இறங்கும். ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலக் குண்டுகள் பதினொன்று. எண்ணி மண்ணெண்ணெயில் ஊறவைத்தோம், தேய்ந்தவற்றை மாற்றினோம்.

பின்பு சட்டத்தைச் சுரண்டத் தொடங்கினோம். நாம் பூசிய பூச்சு எளிதில் வந்தது. அதன் கீழே தொழிற்சாலையில் சூட்டில் இறுகவைத்த பழைய கறுப்பு, பல இடங்களில் இன்னும் உறுதியாக இருந்தது. துரு இருவகைப்படும். மேலோடு படிந்த துரு எமரித்தாளுக்கு இணங்கிவிடும். குழியாக அரித்த துரு அப்படியன்று. கம்பித் தூரிகையால் தேய்த்து, கூரிய ஊசியால் குத்திப் பார்த்து, இரும்பு இன்னும் கெட்டியாக உளதா என்று அறியவேண்டும். இருக்கைத் தண்டின் வழியே இறங்கும் மழைநீர் அடிக்குழாயில் தங்கி உட்புறத்திலிருந்தே அரிப்பதும் உண்டு. ஆகவே தண்டை வெளியே எடுத்துக் குழாயின் உள்ளும் பார்க்க வேண்டும். நல்வாய்ப்பாக, எம் தந்தையாரின் சைக்கிள் உள்ளே கெட்டியாகவே இருந்தது.

சுரண்டும்போது பின்சக்கரத்தை ஒட்டிய குழாய்களில் கம்பி கட்டிய தழும்புகள் தென்பட்டன. கணநேரம் கை நின்றுவிட்டது. அண்ணனுக்கு அப்போது ஒன்பது வயதிருக்கும். ஒரு கிளைக் கிராமத்தின் திருவிழாவுக்குச் செல்லும் வழியில் அவருடைய குதிகால் சக்கரக் கம்பிகளில் சிக்கிக் கிழிந்தது. சொன்னால் தந்தையார் திரும்பிவிடுவார், தம்பி சப்பரம் பார்க்க முடியாமற் போகும் என்று, கோயிலை அடையும்வரை அவர் வாய் திறக்கவில்லை. இறங்கிய பின்னரே இரத்தத்தைக் கண்டோம். மறுநாள் தந்தையார் தகரத் தகடு ஒன்றை வெட்டிக் கம்பியால் அங்கே கட்டினார். தகடு எப்போதோ போய்விட்டது. கட்டிய தழும்பு மட்டும் எங்கள் சண்டைக்கும் நமது பூச்சுக்கும் அடியில் அப்படியே இருந்தது.

அடுத்து வந்தது பின்சக்கரம். அக்கால வண்டிகளில் முன்சக்கரத்துக்கு 32 கம்பிகள். பாரம் தாங்கும் பின்சக்கரத்துக்கு 40. அவற்றுள் மூன்று ஒடிந்திருந்தன; ரிம்மும் பாம்பைப்போல் நெளிந்து ஓடியது. கடைக்கு எடுத்துச் சென்றோம். “இதற்குப் பெண்டு எடுக்க எனக்கு நேரமில்லை ஐயா, புதுச் சக்கரமே போட்டுவிடுங்கள்” என்றார் அங்கிருந்த இளைஞர். பெண்டு எடுக்க வல்லவர் யார் என்பது நமக்குத் தெரியும். இளமையில் இரண்டாண்டுகள் சைக்கிள் கடையில் தொழில் பழகியவர் எம் அண்ணன்.

சக்கரம் ஒரு வாரம் திண்ணையில் கிடந்தது. சிலுவைப்பாதை முடிந்து வீடு திரும்பிய ஒரு வெள்ளிக்கிழமை மாலையில் அதைத் தூக்கிக்கொண்டு இரண்டு தெருவைக் கடந்தோம். அவ்வளவு நீண்ட தெருக்களை நாம் வேறெங்கும் கண்டதில்லை. அண்ணன் வாசலிலேயே அமர்ந்திருந்தார். நம்மைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார். எழுந்து வந்து அதை வாங்கி, அச்சைப் பிடித்துச் சுழற்றினார்.

“அப்பா சைக்கிளா?” என்றார்.

“ஆமாம், அண்ணா.”

“ரிம் நல்லாத்தான் இருக்கு, தம்பி. கம்பிதான் தளர்ந்து போச்சு. உள்ளே வா.”

பன்னிரண்டு ஆண்டுகளாக மனத்தில் அடுக்கி வைத்திருந்த நியாயங்களுள் ஒன்றைக்கூட அவரும் கேட்கவில்லை; நாமும் சொல்லவில்லை. அண்ணியார் காப்பி கொண்டுவந்து வைத்தார்.

பெண்டு எடுக்கும் வேலையை அன்றுதான் அருகிலிருந்து பார்த்தோம். ரிம் இடப்பக்கம் ஒதுங்கினால் வலப்பக்கத்துக் கம்பியைச் சற்று இறுக்கி, இடப்பக்கத்ததைச் சற்றுத் தளர்த்த வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் இறுக்கிக்கொண்டே போனால் சக்கரம் வட்டம் கெட்டுவிடும். “ஒரு தடவைக்குக் கால் சுற்றுதான். அவசரப்பட்டால் கம்பி ஒடியும்” என்றார் அண்ணன். கிணற்றுப் பேச்சு நடந்த நாளில் இருவரும் எவ்வளவு முறுக்கினோம் என்பதை எண்ணித் தலைகுனிந்தோம். அவரும் அதையே எண்ணினாரோ என்னவோ, நெடுநேரம் சாவியைக் கையிலேயே வைத்திருந்தார்.

மீதி வேலையை இருவருமாகச் செய்தோம். சுத்தமான இரும்பைக் காற்றில் விட்டுவைக்கலாகாது. அன்றே செம்மண் நிற ரெட் ஆக்சைடு அடிப்பூச்சைப் பூசிவிட வேண்டும். அது காய்ந்த பின் மெல்லிய நீர்த்தாளால் தேய்த்து, கறுப்பு எனாமலை மெல்லியதாக இருமுறை பூசினோம். ஒரே தடவையில் கனமாகப் பூசினால் வழிந்து திரளும். ஒன்று நன்றாகக் காயும்வரை அடுத்ததைத் தொடக்கூடாது. இருக்கைக்குக் கீழே பொறித்த எண்ணை வண்ணம் அடைத்துவிடாமல் காத்தோம். இறுதியில் தங்கக் கோடு. ஒரு பக்கத்தை அண்ணன் இழுத்தார்; மறுபக்கத்தை நாம். அவருக்கு இப்போது கை சற்று நடுங்குகிறது, நமக்கோ பழக்கமில்லை. இரண்டு கோடுகளும் ஒத்திருக்கவில்லை. அழிக்கலாமா என்று கேட்டோம். இருக்கட்டும் என்றார்.

இத்தாலி நாட்டில் கோமோ ஏரியின் அருகே கிசால்லோ மாதா சிற்றாலயம் உளது. 1949-ஆம் ஆண்டு திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அந்த அன்னையைச் சைக்கிள் ஓட்டுவோரின் பாதுகாவலியாக அறிவித்தார். வீரர்கள் காணிக்கையாகத் தந்த சைக்கிள்கள் அவ்வாலயச் சுவர்களில் தொங்குகின்றன. கீனோ பார்த்தாலி, பௌஸ்தோ கோப்பி என்னும் இருவரின் வண்டிகளும் அவற்றுள் உண்டு. இத்தாலியரை இரு கட்சியாகப் பிரித்த கடும் போட்டியாளர்கள் அவர்கள். 1952-ஆம் ஆண்டுப் பிரெஞ்சுச் சுற்றுப் போட்டியில், மலையேற்றத்தின்போது ஒருவர் மற்றவருக்குத் தண்ணீர்ப் புட்டியை நீட்டும் புகைப்படம் உலகப் புகழ் பெற்றது. கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்று பலர் நெடுங்காலம் வாதிட்டனர். நமக்கு அந்த வாதத்தில் இப்போது நாட்டமில்லை. தண்ணீர் கைமாறியதே, அது போதும்.

எங்கள் கிணற்றுக் கணக்கு முற்றிலும் தீர்ந்துவிட்டதென்று கூறோம். இன்னும் சில நாள்களைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது, பேசுகிறோம். அவ்வாண்டு உயிர்ப்புத் திருவிழாவின் இரவுத் திருப்பலியில் அண்ணன் மாதா பீடத்துப் பக்கம் வந்து அமர்ந்தார். மறுநாள் காலையில் அவருடைய பேரன் அச்சைக்கிளை ஓட்டிச் சென்று, கிளைக் கிராமத்துக் கோயில் வாசலில் நிறுத்தினான். அங்கிருந்த முதியவர் ஒருவர், “உபதேசியார் வண்டியல்லவா!” என்றாராம்.

அன்பர்களே, பின்கட்டில் கிடப்பதை ஒருமுறை வெளியே எடுத்துப் பாருங்கள். மேலே பூசி மறைக்க எளிய வழி உண்டு. அதை நாம் செய்து பார்த்தவர்கள், ஒரு மழைக்குக்கூட அது தாங்கவில்லை. சுரண்டுவது வேதனைதான். ஆயினும் இரும்பு உள்ளே கெட்டியாகவே இருக்கக்கூடும். எதிர் மரையாக இருக்கிறதா என்று பார்த்து, கால் சுற்றாகத் திருப்புங்கள். நம் குடும்பங்களுக்கு இறைவன் துணை நிற்பாராக.