வீடு போனால் சொல்லும் போகும்!

"பாட்டி, இது என்ன?" என்று கேட்டான் பேரன். அவனுக்கு ஏழு, எட்டு வயது இருக்கும்.

"ஆட்டுக்கல்லுடா" என்றார் பாட்டி.

"இதுக்கு ஸ்விட்ச் எங்கே?"

பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். பாட்டியும் சிரித்தார். பிறகு குழவியை ஒரு கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, "பார்க்க அழகாத்தான் இருக்கு. இதுல தினம் மாவு ஆட்டினவளைக் கேட்டாத்தான் தெரியும்" என்றார்.

அதைக் கேட்டு நமக்குச் சிரிப்பும் வந்தது, சிந்தனையும் வந்தது.

இது நடந்த இடம், முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ரா. சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், தெற்கே சுமார் 25 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. பெயருக்குப் பொருள், தென்னகத்தின் சித்திரம். ஆனால் அங்கே காட்சிக்கு வைத்திருப்பவை சுவரில் மாட்டிய சித்திரங்கள் மட்டும் அல்ல. வீடுகள்! மனிதர்கள் பிறந்து, வாழ்ந்து, மணம் முடித்து, மறைந்த உண்மையான வீடுகள்!

வீடு எப்படிப் பயணம் செய்யும்?

வீட்டை எப்படி ஊர் விட்டு ஊர் கொண்டு வர முடியும் என்று நீங்கள் கேட்கலாம். முடியும். உடையவர்கள் இடிக்க நினைத்த வீட்டை விலை பேசி வாங்குகிறார்கள். முதலில் அளவு எடுத்து வரைபடம் போடுகிறார்கள். தூண், உத்தரம், கதவு, நிலை, ஓடு என்று ஒவ்வொன்றாகப் பிரிக்கிறார்கள். எது எந்த இடத்தில் இருந்தது என்று அடையாளம் இடுகிறார்கள். பிறகு லாரியில் ஏற்றி வந்து, மரபு அறிந்த தச்சர்களையும் கொத்தர்களையும் கொண்டு மறுபடியும் கோக்கிறார்கள். பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அழைத்து வருவது போல, வீட்டையே புகுந்த ஊருக்கு அழைத்து வருகிறார்கள்!

இந்த யோசனை வெளிநாட்டில் பிறந்தது. சுவீடன் நாட்டில் ஆர்தர் ஹசேலியஸ் என்று ஓர் அறிஞர் இருந்தார். ரயிலும் தொழிற்சாலையும் வந்தபின் கிராம வாழ்க்கை வேகமாக மாறுவதை அவர் கண்டார். பல ஊர்களின் பழைய வீடுகளைக் கொண்டுவந்து, தலைநகரமான ஸ்டாக்ஹோமில் 1891-ஆம் ஆண்டு 'ஸ்கான்சன்' என்ற திறந்தவெளிக் காட்சியகத்தைத் தொடங்கினார். அதைப் பார்த்துப் பல நாடுகளிலும் இத்தகைய இடங்கள் தோன்றின.

நம் பக்கத்தில் இதைச் செய்தது 1984-இல் தொடங்கிய சென்னை கைவினை அறக்கட்டளை. முன்நின்றவர் டெபோரா தியாகராஜன் என்ற அம்மையார். அமெரிக்காவில் பிறந்து, தமிழ்நாட்டில் வாழ வந்தவர். அரசு குத்தகைக்குக் கொடுத்த பத்து ஏக்கரில், 1996 டிசம்பரில் தட்சிணசித்ரா பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. குறைந்த செலவில் வீடு கட்டிப் புகழ்பெற்ற லாரி பேக்கர் இடத்தைத் திட்டமிட்டுத் தந்தார். அவர் வழி வந்த கட்டடக் கலைஞர் பென்னி குரியகோஸ் வீடுகளை எழுப்பும் பணியைத் தொடர்ந்தார். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா ஆகிய பகுதிகளைச் சேர்ந்த 18 வீடுகள் இன்று அங்கே நிற்கின்றன.

ஒவ்வொரு வீடும் ஒரு பாடம்

உள்ளே போனால் முதலில் கண்ணைக் கவருவது செட்டிநாட்டு வீடு. பெரிய கதவு, வழவழப்பான தூண்கள், நடுவிலே முற்றம். பர்மா, இலங்கை, மலேயா என்று கடல் கடந்து வாணிபம் செய்த நகரத்தார் கட்டிய வீடுகளின் வகை இது. 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் புகுந்தது. அங்கே போட்டிருந்த முதல் பலருக்குத் திரும்பவில்லை. வருமானம் நின்றது. வீட்டுக்குப் பங்காளிகளோ பெருகினார்கள். பல மாளிகைகள் பூட்டிக் கிடந்தன, சில இடிபட்டன. அவற்றின் கதவுகளையும் தூண்களையும் காரைக்குடிக் கடைத்தெருவில் பழம்பொருளாக விற்பதை இன்றும் காணலாம். ஒரு வீட்டின் வாசற்கதவு எங்கோ ஒரு ஓட்டலுக்கு அலங்காரமாகப் போய்விடுகிறது!

செட்டிநாட்டு வீட்டை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் வீட்டையும் பாருங்கள். அங்கே தறிதான் குடும்பத் தலைவர்! தறிக்கு இடம் ஒதுக்கிய பிறகுதான் மனிதருக்கு இடம். தஞ்சைப் பகுதி உழவர் வீடும், மண்பாண்டம் செய்வோர் வீடும், கூடையும் பாயும் முடைவோர் வீடும் இருக்கின்றன. திருநெல்வேலிப் பக்கத்து அக்ரகார வீடு, தெருவிலிருந்து கொல்லை வரை ரயில்பெட்டி போல் நீண்டு கிடக்கிறது. அடுத்த வீட்டோடு சுவர் ஒட்டி வரிசையாகக் கட்டிய வீடுகளுக்கு அதுவே வசதி.

கேரளப் பகுதிக்குப் போனால் கூரை செங்குத்தாக இறங்குகிறது. ஏன்? அங்கே கொட்டும் மழை நொடியில் வழிந்து ஓட வேண்டும் அல்லவா? கோட்டயத்தை அடுத்த புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவர் வீட்டில் மரவேலை கண்ணைப் பறிக்கிறது. கர்நாடகத்தின் இல்கல் நெசவாளர் வீடோ கல்லால் ஆனது. வெயில் சுட்டெரிக்கும் ஊருக்குப் பருத்த கற்சுவரே குடை. சிக்மகளூரிலிருந்து வந்த முஸ்லிம் வீடு ஒன்றும் இருக்கிறது.

எல்லாவற்றிலும் நமக்கு வியப்பைத் தந்தது ஆந்திரக் கடற்கரையின் வட்ட வடிவ மண் வீடு. கூரை தரையைத் தொடுவது போலத் தாழ்ந்து இறங்குகிறது. புயல் அடிக்கும் கரை அது. மூலை இருந்தால் அல்லவா காற்று மோதும்? வட்டச் சுவரைச் சுற்றிக்கொண்டு காற்று போய்விடும். கல்லூரிப் படிப்பு இல்லாத ஓர் ஏழை கண்ட பொறியியல் இது! ஊரின் மழையும் வெயிலும் காற்றும் சொன்னபடி வீடு கட்டினார்கள். நாமோ மழை ஊரிலும் வெயில் ஊரிலும் ஒரே மாதிரிப் பெட்டியைக் கட்டிவிட்டு, மின்விசிறியைக் குறை சொல்லுகிறோம்.

பழமை எல்லாம் பொன் அல்ல

அதற்காகப் பழைய காலம் முழுவதும் பொற்காலம் என்று நாம் சொல்லவில்லை. ஆட்டுக்கல்லைத் தொட்ட பாட்டி சொன்னதை மறக்க முடியுமா? விறகு அடுப்பின் புகையில் கண்கள் கலங்கிய தாய்மார்கள் எத்தனை பேர்! ஆண்டுதோறும் கூரை மாற்றக் காசில்லாமல் மழையில் நனைந்த குடும்பங்கள் எத்தனை! இன்னார் இந்தத் தெருவில்தான் குடியிருக்கலாம், இன்னார் திண்ணை வரைதான் வரலாம், இன்னார் கொல்லைப்புறமாகத்தான் வரவேண்டும் என்று வைத்திருந்த கொடுமையும் அந்த வீடுகளோடு சேர்ந்ததுதான். வழிப்போக்கன் இளைப்பாறத் திண்ணை கட்டிய ஊரில், எல்லா வழிப்போக்கரும் அதில் உட்கார முடியவில்லை. அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லியே காட்ட வேண்டும். பழைய வீட்டைக் காப்பது அதைக் கும்பிடுவதற்காக அல்ல. எங்கிருந்து வந்தோம் என்று தெரிந்துகொள்வதற்காக.

ஓட்டு வீட்டை இடித்துத் தளம் போட்ட வீடு கட்டுகிறவரை நாம் குறை சொல்லப் போவதில்லை. ஒழுகுகிற வீட்டில் இருப்பவருக்குத்தான் ஒழுகலின் வேதனை தெரியும். நாட்டு ஓடு கிடைப்பது அரிதாகிவிட்டது. சுண்ணாம்பு அரைத்துப் பூசத் தெரிந்த கொத்தரும் அரிதாகிவிட்டார். பங்காளிகள் ஐந்து பேர் இருந்தால் பழுதுபார்க்கும் செலவை யார் தருவது?

சொல்லும் சேர்ந்து போகிறது

ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். திண்ணை, நடை, ரேழி, கூடம், தாழ்வாரம், முற்றம், பரண், மாடக்குழி, அடுக்களை, புறக்கடை. இவற்றில் எத்தனை சொற்களுக்கு உங்கள் பிள்ளைக்குப் பொருள் தெரியும்? இன்று ஹால், கிச்சன், பெட்ரூம், பால்கனி என்ற நான்கே சொற்களில் வீடு அடங்கிவிட்டது. பொருள் போனால் பெயரும் போகும். வீட்டை இடிக்கும் கடப்பாரை, அகராதியிலும் ஒரு பக்கத்தை இடித்துவிடுகிறது!

பெரிய கோயிலையும் கோட்டையையும் காக்கத் தொல்பொருள் துறை இருக்கிறது. 1958-இல் வந்த மத்திய அரசின் சட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டுச் சட்டமன்றமும் 2012-இல் பாரம்பரிய ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. நல்லதுதான். ஆனால் குயவரின் குடிசைக்கும் கூடை முடைபவரின் மண்சுவருக்கும் எந்தச் சட்டம் காவல் நிற்கும்? செல்வர் வீடு தேக்கிலும் கல்லிலும் நிற்கிறது. நூறு ஆண்டு தாங்குகிறது. ஏழை வீடு மண்ணிலும் ஓலையிலும் நிற்கிறது. பத்து மழையில் கரைகிறது. அதனால் முதலில் மறைவது ஏழையின் சரித்திரம்தான். பத்து ஏக்கர் நிலமும் பதினெட்டு வீடும் தென்னாட்டுக்கே போதுமா?

என்ன செய்யலாம்?

வீடு பிறந்த ஊரிலேயே, தன் கிணற்றோடும் வேம்போடும் அண்டை வீட்டாரோடும் வாழ்வதுதான் சிறந்தது. வசதி உள்ளவர்கள் பழைய வீட்டைப் பழுதுபார்த்து வாழட்டும். அதற்கு முடியாதபோது காட்சியகம் இரண்டாவது வழி. அரசு அருங்காட்சியகங்கள் பல மாவட்டத் தலைநகரங்களில் இருக்கின்றன. ஒவ்வொன்றின் தோட்டத்திலும் அந்த வட்டாரத்து எளிய வீடு ஒன்றையாவது எழுப்ப வேண்டும் என்று அரசைக் கேட்டுக்கொள்கிறோம். மாளிகை வேண்டாம். உழவரும் மீனவரும் வாழ்ந்த வீடு போதும். அதற்கு ஆகும் செலவு பெரிதல்ல. கட்டத் தெரிந்த கைகள் இன்னும் சில இருக்கின்றன. அவை ஓய்ந்துவிட்டால் பிறகு பணம் இருந்தும் பயன் இல்லை.

மூன்றாவது வழி, காசு செலவில்லாதது. அதை நீங்களே செய்யலாம். வீட்டை இடிக்கப் போகிறீர்களா? இடிக்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு அங்கே போங்கள். அறை அறையாகப் படம் எடுங்கள். பிள்ளைகள் கையில் நாடாவைக் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். எந்த இடத்துக்கு என்ன பெயர், அங்கே என்ன நடக்கும், யார் எங்கே படுப்பார்கள் என்று தாத்தா பாட்டியைக் கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். எழுதப் படிக்க இப்போதுதான் கற்றவர்களும் இதைச் செய்யலாம். பிழை இருந்தாலும் பரவாயில்லை. பள்ளி ஆசிரியர்கள் இதை மாணவர்களுக்கு ஒரு பாடமாகவே கொடுக்கலாம். கதவையும் தூணையும் கடைக்காரருக்கு விற்கும் முன், அருங்காட்சியகத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள்.

அந்தப் பேரன் ஆட்டுக்கல்லை விட்டு நகரவே இல்லை. குழவியை இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றப் பார்த்தான். அது அசையவில்லை. "நீ எப்படிப் பாட்டி சுத்தினே?" என்று கேட்டான். பாட்டி திண்ணையில் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினார்.

பேரன்கள் கேட்கத் தயாராக இருக்கிறார்கள். பாட்டிகள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்!